மடித்து வைத்த தோல்

மிரட்ட வந்தவன் தோலை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அஃப்ஸர் ஜஹானுக்கு அதுதான் உறுத்தியது. வாசல்படியில் கிடந்தது ஓர் ஆட்டுத்தோல். உப்புத் தூவிய பச்சைத்தோல். ரத்த வாடை இன்னும் போகவில்லை. ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தச் சின்ன வீட்டின் கதவைக் காலையில் திறந்தபோது, ஃபெத்தியாவின் கால் அதன்மேல்தான் பட்டிருக்கிறது. அவள் கத்தவில்லை. பின்னாலேயே ஓடிவந்த குழந்தையைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு வேலூருக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"ரவுடியா இருந்தா தூக்கி எறிஞ்சிட்டுப் போவான்," என்றாள் அஃப்ஸர், குனிந்து பார்த்தபடி. "இவன் முதுகுக்கோடு நேரா வர்ற மாதிரி மடிச்சிருக்கான். கழுத்தை உள்ள திணிச்சிருக்கான். காலை அதுக்கு மேல மடக்கியிருக்கான்."

"இஸ்திரிக் கடையிலகூட என் சட்டையை இவ்ளோ மரியாதையா மடிச்சதில்ல ஆபா," என்றான் நவீன்குமார். இப்படிச் சொல்லிக்கொண்டே அதைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே சீட்டு ஏதும் இல்லை. பிரித்ததைக் காம்பவுண்டுச் சுவர் ஓரம் அள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனான்.

இந்த இரண்டு பேரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அஃப்ஸர் ஜஹான் வேலூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். ஐம்பதைத் தொட்டவள். கொலை, கொள்ளை என்று அவளிடம் அதிகம் வருவதில்லை. மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலை நிஜந்தானா, எங்கேயாவது ஏற்கெனவே ஒருத்தி உண்டா என்று விசாரித்துச் சொல்லும் வேலைதான் பெரும்பாலும். நவீன்குமார் கணியம்பாடிக்காரன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இருந்து, சிரிக்கத் தெரியாத டாக்டர் ஒருவரைச் சிரிக்க வைக்கப் போய் வேலையை இழந்தவன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வாய்தான் இன்னும் தாண்டவில்லை. அந்தப் பக்கத்தில் அக்காவை ஆபா என்பார்கள். அவனும் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

ஃபெத்தியா எத்தியோப்பியாக்காரி. அடிஸ் அபாபாவில், தோல் பதனிடும் ஷாப்பும் வைத்திருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் ஷூக்களுக்கு மாதிரி வெட்டுபவள். ஆம்பூர் ஆட்கள் பலர் அங்கே தோல் வேலைக்குப் போவதுண்டு. அப்படிப் போனவன்தான் உமர் ஃபாரூக். மூன்று வருஷத்துக்கு முன்பு, அங்குள்ள நகர அலுவலகத்தில் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஜோயா பிறந்தாள். இப்போது மூன்று பேரும் அவன் ஊருக்கு வந்திருக்கிறார்கள். அங்கே நடந்த கல்யாணம் அங்கே பதிவாகியிருக்கிறது. இங்கே அவன் ஊரிலும் பதிந்தாக வேண்டும். இல்லையென்றால், இங்கே அவன் கல்யாணமாகாதவன்.

மனுக் கொடுத்தார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பதிவாளர் அலுவலகப் பலகையில் இருவர் பெயரையும் ஒட்டினார்கள். ஒருத்தி சொல்லிவிட்டாள். மேல்விஷாரம் ஷஹீன் பானு. உமருக்கும் எனக்கும் நாலு வருஷத்துக்கு முன்பே நிக்காஹ் ஆகிவிட்டது, நான் உயிரோடு இருக்கிறேன், இதோ போட்டோ என்று ஒரு நகலையும் இணைத்திருந்தாள்.

விசாரணை நாளைக் காலை. அந்த ஆட்சேபம் பொய் என்று காட்டாவிட்டால் மனு தள்ளுபடி. ஃபெத்தியாவின் விசா இந்த மாதத்தோடு முடிகிறது. மனைவி என்ற பெயரில் அதை நீட்டிக்கப் பதிவுச் சான்று வேண்டும். அது கிடைக்காவிட்டால், இந்த நாட்டில் தான் யாருக்கு என்ன உறவு என்று சொல்ல வழியில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

"இன்னா ஆபா, இது பயமுறுத்தவா, இல்ல என்னையும் ஊற வச்சிப் பதம் பண்ணவா?" என்றாள் ஃபெத்தியா. அவள் தமிழ் முழுக்க ஆம்பூர்த் தொழிலாளிகளிடம் கற்றது. உதடு சிரித்தது. கை கதவை விடவில்லை.

உமர் அன்று காலையிலேயே வக்கீலைப் பார்க்கப் போயிருந்தான். முந்தின நாள் கேஸைக் கொடுக்க ஃபெத்தியாவோடு வேலூர் வந்தபோதே அவன் கட்சி ரொம்பத் தெளிவு. அந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியவே தெரியாது. யாரோ தன் முகத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இப்போது அது அஞ்சு நிமிஷ வேலை. யார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு அண்ணன் பெயரைச் சொன்னான். வெளிநாட்டுக்காரி வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று அண்ணன் சுஹேல் அகமது முதல் நாளிலிருந்தே முறைத்துக்கொண்டிருக்கிறாராம். அதனால்தான் இந்த வாடகை வீடாம்.

ஆகவே, முதலில் அண்ணனிடம் போனார்கள்.

சுஹேலின் தோல் மண்டி, பதனிடும் ஷாப்போடு சேர்ந்து, ஊர்க்கோடியில் இருந்தது. உள்ளே பெரிய மர டிரம்கள் தோலும் தண்ணீருமாகத் தொம், தொம் என்று சுற்றிக்கொண்டிருந்தன. நின்றால் பாதம் வழியாக நெஞ்சுக்கு ஏறும் சத்தம் அது. சுஹேல் எழுந்திருக்கவில்லை. நாற்காலி காட்டவும் இல்லை. அஃப்ஸர் கேட்டதற்கெல்லாம் டிரம்மைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசியில் ஒருமுறைதான் முகத்தைப் பார்த்தார்.

"போட்டோவை நான் பண்ணல. எனக்கு அதுக்கு நேரமும் இல்ல, தம்பிக்கு இருக்கிற மூளையும் இல்ல. அந்த வெளிநாட்டுப் பொண்ணோட பாஸ்போர்ட்டு, கல்யாணப் பேப்பரு எல்லாம் என் பீரோவுல கொண்டாந்து வச்சிருக்கான். ஒருத்தி பேப்பர் இன்னொருத்தன் பீரோவுல எதுக்கு? வாங்கிக்கினு ஊர் போய்ச் சேரச் சொல்லுங்க. இங்க இருந்தா அழப் போறது அதுதான்."

வெளியே வந்ததும் நவீன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: "கேஸ் முடிஞ்சிது ஆபா. மிரட்டலை இப்படி நேர்லயே குடுத்துட்டா வாசல்ல தோல் போடற செலவு மிச்சம்."

அஃப்ஸர் சிரிக்கவில்லை. மண்டி வாசலில் அடுக்கியிருந்த உப்புத் தோல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றும் மடித்துத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் கழுத்து வெளியே நாக்கு மாதிரித் தொங்கியது.

"இவங்க ஆளுங்க கழுத்தை வெளிய விட்டு மடிக்கிறாங்க," என்றாள். "வாசல்ல கிடந்ததுல உள்ள திணிச்சிருந்தது. கை பழக்கம் மாறாது நவீன். திருடப் போனாலும், மிரட்டப் போனாலும் கை தன் பழக்கத்தைத்தான் செய்யும். வண்டிய எடு, மேல்விஷாரம் போலாம்."

நெடுஞ்சாலையில் மேகம் துரத்திக்கொண்டே வந்தது. மதியம்தான், ஆனால் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன.

ஷஹீன் பானுவின் வீடு நல்ல வசதி. அப்பாவுக்குச் சொந்தமாகத் தோல் பதனிடும் ஷாப் இருக்கிறது. ஆண்பிள்ளை வாரிசு இல்லை. ஷஹீனுக்கு இருபத்தைந்து இருக்கும். படித்த பெண். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள், அதுவும் ஒரே மூச்சில். நாலு வருஷம் முன்னாடி, இதே ஹாலில், இன்னின்னார் முன்னிலையில்.

அஃப்ஸர் தலையாட்டிக்கொண்டே டீயைக் குடித்தாள். தேதி கேட்கவில்லை. சாட்சி யார் என்று கேட்கவில்லை. கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டாள். பிரியாணி யார் செய்தது, ஆம்பூர் ஆளா, ஆற்காடு ஆளா என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

ஷஹீன் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "பிரியாணி எல்லாம் இல்ல. ஸ்வீட்டு, டீ, அவ்ளோதான்."

நவீன் கையிலிருந்த பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

காட்சி அலமாரியில் அந்தப் போட்டோ சட்டம் போட்டு நின்றது. பதிவாளர் ஆபீஸில் கொடுத்தது ஜெராக்ஸ். முகங்களைத் தவிர மற்றதெல்லாம் கரி. இது கலர். ஷஹீன் பூச்சரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் உமர், மாலையோடு. அவர்களுக்குப் பின்னால் திறந்த வாசல். வாசலுக்கு வெளியே, வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்பு வரிசை. நவீன் அழகாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டான்.

புறப்படும்போது அஃப்ஸர் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். அந்த வெளிநாட்டுப் பெண்ணும் பாவந்தான், ரெண்டு வயசுப் பொண்ணை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாள் என்று.

ஷஹீன் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"குழந்தை இருக்கா?"

"உமர் ஜாடை அப்படியே. உனக்குச் சொல்லலியா?"

அவள் வாசல்வரை வந்தாள். அம்மா உள்ளே இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு நானும் ஆபீஸுக்கு வரணுமா என்று மெல்லக் கேட்டாள். வந்தால் நிஜத்தைச் சொல்லும்மா, அது போதும் என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள் அஃப்ஸர்.

தெருமுனை திரும்பும்வரை நவீனால் பொறுக்க முடியவில்லை.

"ஆபா, இந்தப் பக்கத்துல பிரியாணி இல்லாம ஒரு நிக்காஹ் நடந்திருந்தா அது பேப்பர்ல வந்திருக்கும்."

"நிக்காஹ் நடக்கலடா. அது நிச்சயதார்த்தம். போட்டோவுல அது கழுத்தைப் பார்த்தியா? பூ இருக்கு, கருகமணி இல்ல. கல்யாணம் ஆகியிருந்தா அன்னைக்கே கட்டியிருப்பாங்க. இப்பவும் கழுத்து காலி."

"அப்போ முகத்தை ஒட்டின ஆளு நிச்சயதார்த்த போட்டோவுல ஒட்டியிருக்கான்."

அஃப்ஸர் அவன் போனை வாங்கி, படத்தின் கீழ் மூலையைப் பெரிதாக்கினாள். செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி பழுப்பு ஷூ. முனையில் சிவப்பு நூலால் கட்டத்துக்குள் கட்டம் போட்ட தையல்.

"முகத்தை ஒட்டுவான், சரி. வாசல்ல ஷூவை எதுக்கு ஒட்டணும்? இந்த ஷூ நிஜமா அங்க நின்னிருக்கு. எவன் கால்லயோ வந்திருக்கு. இந்தத் தையலை நான் எங்கயோ பாத்திருக்கேன் நவீன். இன்னிக்கே பாத்திருக்கேன்."

பிறகு அவள் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தாள். யாருக்கு என்று நவீன் கேட்டான். மழை வருது, வண்டியை எடு என்றாள்.

ஆம்பூர் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஃபெத்தியா கொடியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக எடுத்தது ஒரு வெள்ளைப் போர்வை. அதன் கரையில் சிவப்பு நூலில் கட்டத்துக்குள் கட்டம். அஃப்ஸர் காலையில் பார்த்தது அதைத்தான்.

அது என்ன என்று கேட்டாள். கல்யாணத்தன்று போர்த்திக்கொண்டது, அம்மா நெய்யக் கொடுத்து வாங்கியது என்றாள் ஃபெத்தியா. அஃப்ஸர் நவீனின் போனை நீட்டினாள். முகங்கள் தெரியாதபடி, வெறும் வாசலும் ஷூவும் மட்டும்.

ஃபெத்தியா போனை வாங்கித் தையலைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உள்ளே கட்டிலில் ஜோயா புரண்டு படுத்தாள். பயப்படாதீர்கள், குழந்தை முழிக்கவில்லை.

"இது நான் தைச்சது," என்றாள் கடைசியில். "கையால. இந்தக் கரையைப் பார்த்துப் பார்த்து. போன வருஷம் அவங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு உமர் மட்டும் ஊருக்கு வந்தான். போறப்போ போட்டு விட்டேன். கம்பெனியில போடாத டிசைன் ஆபா. உலகத்துல ஒரே ஜோடி."

நாலு வருஷத்துக்கு முந்தைய போட்டோ என்றார்கள். அதன் வாசலில், போன வருஷம் பிறந்த ஷூ. அதைத் தைத்தவளுக்குக் கல்யாணமே மூன்று வருஷத்துக்கு முன்புதான். ஷூவை மட்டும் தனியாக அனுப்பியிருக்க முடியாது. அந்த வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போன கால் யாருடையது என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் கேட் திறந்தது. உமர் ஃபாரூக் மழையில் நனைந்துகொண்டு வந்தான், கையில் பிரியாணிப் பொட்டலம். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டான். நல்ல முகம் அவனுக்கு. யாருக்கும் பிடித்துப்போகிற முகம்.

"மேடம், எதுனா தெரிஞ்சிதா?" என்று கேட்டுக்கொண்டே சுவர் ஓரம் பார்த்தான். "ஐயே, இதை இன்னும் இங்கயே வச்சிக்கினு இருக்கீங்களா? மழை பட்டா நாறும்."

பொட்டலத்தை ஃபெத்தியாவிடம் கொடுத்துவிட்டு, அந்த ஆட்டுத்தோலைத் தூக்கினான். வக்கீல் என்ன சொன்னார் என்று விவரித்துக்கொண்டே ஒரு உதறு உதறினான். முதுகுக்கோடு நேராக வரும்படி மடித்தான். கழுத்தை உள்ளே திணித்தான். காலை அதற்கு மேல் மடக்கினான். சன்ஷேடுக்குக் கீழே, மழை படாத இடமாகப் பார்த்துத் தட்டி வைத்தான். பேச்சு ஓரிடத்திலும் நிற்கவில்லை. கைகள் என்ன செய்கின்றன என்று அவன் பார்க்கவே இல்லை.

மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள்.

நிமிர்ந்தவன் மூன்று முகங்களையும் பார்த்தான். "இன்னா?" என்றான்.

"இது எங்க ஊர் மடிப்பு உமர்," என்றாள் ஃபெத்தியா. "எங்க ஷாப்புல உனக்குச் சொல்லிக் குடுத்தது. காலையிலயே பார்த்தேன். அங்க வேலை பார்த்துட்டு வந்தவங்க இந்த ஊர்ல நெறைய பேரு, வேற யாராச்சும் இருப்பாங்கன்னு நெனச்சேன். அப்படி நெனைக்கணும்னுதான் நெனச்சேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"ஷூ எங்க?"

"எந்த ஷூ?"

"நான் தைச்சது."

"அதுவா, சோல் போயிடுச்சி. தைக்கக் குடுத்திருக்கேன். எத்தனை தடவ சொல்றது."

"ஆம்பூர்ல ஒரு ஷூ தைக்க ஒரு வருஷமா?" என்றான் நவீன்குமார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, அவன் உட்பட.

அஃப்ஸர் போட்டோவை உமரிடம் காட்டினாள். அவன் போனை வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தான். ஷஹீனோடு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, ஃபெத்தியா ஊருக்குப் போனதும் கல்யாணம், மாமனாரின் ஷாப் கைக்கு வரும் என்பதையெல்லாம் அஃப்ஸர் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னாள். பதிவு பண்ணலாம் என்று ஃபெத்தியா கேட்டபோது முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வராமல், ஒரு பெண்ணைப் பொய் சொல்ல வைத்து, இன்னொருத்தி வாசலில் ரத்தத்தைக் கொண்டுவந்து வைத்து, பழியை அண்ணன் தலையில் போட்டிருக்கிறான். முகம், மாலை, பூச்சரம் எல்லாவற்றையும் பார்த்தவன், வாசலைப் பார்க்கவில்லை. காலணி செய்கிற ஊரில், வாசலில் கிடக்கும் காலணியை யார் பார்க்கிறார்கள்?

உமரின் முகத்திலிருந்து அந்த நல்ல களை மெல்ல வடிந்தது. குரல் மட்டும் உயரவில்லை. அதுதான் பயமாயிருந்தது.

"சரி," என்றான். "கல்யாணம்னு சொல்றாளே, எந்தக் கல்யாணம்? பேப்பர் காட்டச் சொல்லுங்க. நாளைக்கு அசல் கேப்பாங்க. பாஸ்போர்ட்டுகூட கையில இல்லாத பொம்பள யாரு, எங்கிருந்து வந்தான்னு போலீஸுக்கு நான் சொன்னாத்தான் தெரியும்."

ஃபெத்தியா ஜோயா படுத்திருந்த அறை வாசலை மறித்து நின்றாள். ரயில் ஒன்று வீட்டைக் குலுக்கிக்கொண்டு போனது.

சத்தம் அடங்கியபோது கேட் அருகே ஒருவர் குடை பிடித்து நின்றிருந்தார். சுஹேல் அகமது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. தம்பியை அவர் பார்க்கவே இல்லை. நேராக ஃபெத்தியாவிடம் வந்து, சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். பாஸ்போர்ட், குழந்தையுடையதும். அடிஸ் அபாபா முத்திரை போட்ட கல்யாணச் சான்று, அசல்.

"காலையிலயே குடுத்திருப்பேன்," என்றார் அஃப்ஸரிடம். "தம்பியாச்சேன்னு வாய் வரல. நீங்க போன் பண்ணிக் குழந்தை பேரைச் சொல்லிக் கேட்டீங்க பாருங்க, அப்புறம் பீரோவைத் திறக்காம இருக்க முடியல. நாளைக்கு சாட்சி வேணும்னா நான் வர்றேம்மா," என்று ஃபெத்தியாவிடம் சொன்னார். அவளை அவர் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இனிமேலும் இவனோடு பெயரைச் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டுமா என்று நவீன் தயங்கித் தயங்கிக் கேட்டான். உங்களுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கும்.

ஃபெத்தியா உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கல்யாணப் போர்வைக்குள் வைத்துச் சுற்றினாள்.

"எழுதணும். எழுதினாத்தான் இந்த ஊர்ல அவனை நான் விட முடியும். இல்லாத ஒண்ணை எப்படி விடறது? ஜோயாவுக்கு அப்பா யாருன்னு இங்க எழுதியிருக்கணும். அப்புறம் நான் போறதா இருக்கறதான்னு நானே பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட மாட்டேன் என்றான் உமர். போடுவீங்க தம்பி என்றாள் அஃப்ஸர். தன்னைப் பொய் ஆட்சேபம் கொடுக்க வைத்தவனை என்ன செய்வது என்று ஷஹீன் பானு இப்போது அவள் அப்பாவிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். அவர் வந்து கேட்பதற்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

அவன் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான். படியில் கழற்றிவிட்ட செருப்பை மழைத்தண்ணீர் எங்கேயோ இழுத்துப் போயிருந்தது. கால் அங்குமிங்கும் துழாவியது. பக்கத்திலேயே, நனையாமல், அவன் மடித்து வைத்த தோல்.

"உமர்," என்று உள்ளிருந்து கூப்பிட்டாள் ஃபெத்தியா.

திரும்பினான்.

"நாளைக்கு ஆபீஸுக்கு அந்த ஷூவைப் போட்டுக்கினு வா."